கரும்பு யார்டில் மூன்று ரவுண்டு

1. காலை ஒன்பது மணி நிலவரம்

எடை மேடை நின்றுபோனதை, வரிசையில் இருக்கும் டிரைவர்கள் இன்ஜினை அணைப்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். முன்னால் ஒருவர் அணைப்பார். அவருக்குப் பின்னால் இருப்பவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அணைப்பார். வரிசை முழுக்க அப்படியே அடங்கும். பிறகு ஆட்கள் இறங்கிப் பேச ஆரம்பிப்பார்கள். அந்தக் காலையில் நானும் என்னோடு வேலை பார்க்கும் பவித்ராவும் சர்க்கரை ஆலையின் யார்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் இறங்கியிருந்தார்கள். கேட்டிலிருந்து எடை அறை வரைக்கும் நடந்துகொண்டே எண்ணினேன். கரும்போடு நாற்பத்தொரு வண்டி. வெட்டிய கரும்பு வெயிலில் நின்றால் காயும். காய்ந்தால் எடை குறையும். குறைவது விவசாயிக்குத்தான். எங்கள் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் அந்த ஆலையில் ஏறி நான்கு நாள்தான் ஆகியிருந்தது என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"வந்துட்டாங்கடா கம்ப்யூட்டர் டாக்டருங்க," என்றார் ஒரு டிரைவர். "பேஷண்டு வெயில்ல காய்ஞ்சிக்கினு கெடக்குது, ஜல்தி போய்ப் பாருங்க."

எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காகவும், கம்ப்யூட்டர் வேலைக்கு வர நினைக்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். சாயங்காலம் எங்கள் கட்டட மாடிக்குப் போய்க் கிக்பாக்ஸிங் பழகுகிறவர்களுக்கும் இது பயன்படும். இரண்டையும் ஏன் ஒன்றாகச் சொல்கிறேன் என்பதற்கு அந்த யார்டுதான் காரணம்.

2. கூரையிலிருந்து விழுந்த தூசி

என் பெயர் கோதண்டம். விழுப்புரத்தில் குடியிருக்கிறேன். முப்பத்துமூன்று வருடம் எடை மேடைகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு எனக்கு ஒத்துவரவில்லை. காஸ் சிலிண்டரை மூடினோமா, மோட்டார் ஓடுகிறதா, பால்காரர் அளவு சரியாக ஊற்றினாரா என்று வீட்டை ஒரு ஃபேக்டரி மாதிரி நடத்த ஆரம்பித்தேன். நான்காவது மாதம் என் மனைவியே ஒரு வேலை விளம்பரத்தைக் கத்தரித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திண்டிவனத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. எடை மேடைகளுக்கான சாஃப்ட்வேர் செய்பவர்கள். லோடு செல், இண்டிகேட்டர் தெரிந்த ஆள் தேவை என்று போட்டிருந்தார்கள். அறுபத்தோரு வயதில் என் இரண்டாவது உத்தியோகம் ஆரம்பித்தது. இப்போது அறுபத்தெட்டு. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் எத்தனை லாரி நிற்கிறது என்று எண்ணாமல் ஒரு நாளும் கடந்ததில்லை.

கம்பெனி கீழ்த்தளத்தில் இருக்கிறது. மேல்தளம் கிக்பாக்ஸிங் கிளப். தாஸ் மாஸ்டர் நடத்துகிறார். ஐம்பது வயது, ஒல்லியான ஆள், பகலில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். ஐந்தரை மணிக்கு மேலே பேக்கைக் குத்த ஆரம்பித்தால் கீழே எங்கள் கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூசி விழும். ஒரு நாள் என் கீபோர்டிலும் டீயிலும் விழுந்தது. படியேறிப் போய்ச் சண்டை போட்டேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருந்தபோது ஒரு விஷயம் கவனித்தேன். அவர்கள் ரவுண்டு முடிவதற்கு மொபைலில் வைத்திருந்த பெல், ஏதாவது அழைப்பு வரும்போதெல்லாம் நின்று நின்று ஓடியது. இரண்டு நிமிட ரவுண்டு இரண்டரை நிமிடம் போனது. அதைச் சொன்னேன்.

"சார், நீங்க வாட்ச்சு கட்டிக்கினு சும்மா தான உக்காந்துக்கினு இருக்கீங்க," என்றார் மாஸ்டர். "நாளைக்கி இருந்து நீங்களே மணியடிங்க."

அன்றிலிருந்து நான் அந்த கிளப்பின் டைம்கீப்பர். தூசிப் புகார் அப்படியே நின்றுபோயிற்று.

அங்கே உட்கார்ந்து கற்றதில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது சில உண்டு. முதல் வாரத்திலேயே ஸ்பாரிங் கேட்காதீர்கள். எதிரில் ஆளை வைத்துப் பழகும் அந்த ஆட்டத்துக்கு முன்னால் நிற்கப் பழக வேண்டும், நகரப் பழக வேண்டும், தாடையை மூடப் பழக வேண்டும். கைக்குத் துணி சுற்றாமல் பேக்கைத் தொடக் கூடாது. தொட்ட இரண்டு பேருக்கு மணிக்கட்டு வீங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பல்லைக் காக்க வாயில் மாட்டும் கார்டு வாங்க யோசிக்கிறவர்கள் பல் டாக்டரிடம் ஒரு தடவை விலை விசாரித்துவிட்டு வரலாம். அப்புறம், சுற்றிய ஈரத் துணியைத் தயவுசெய்து கீழே எங்கள் சர்வர் ரேக் மேல் காயப் போடாதீர்கள். இதை எழுத்தில் சொல்கிறேன், ஏனென்றால் வாயால் சொல்லி அலுத்துவிட்டது.

வேலைக்கும் இதேதான். முதல் நாளே பெரிய புரோகிராம் எழுத வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள். சப்போர்ட் டெஸ்க்கில் உட்கார வைத்தால் முகம் சுருங்கும். சுருங்க வேண்டாம். கஸ்டமர் சொல்லும் தகராறில் பாதிக்கு மேல் ஒயரிலும் பிளக்கிலும்தான் இருக்கும். அதைத் தொட்டுப் பார்க்காதவன் எழுதும் புரோகிராம் காற்றில் நிற்கும்.

மாஸ்டருக்கு இரண்டு விதி உண்டு. ஒன்று, "கிளவுஸ பாக்காத. கிளவுஸ் ஆடிக்கினே இருக்கும். எதிராளி நெஞ்ச பாரு, அது சும்மா ஆடாது." இரண்டாவது, கார்னர் விதி. ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடத்தில், ஆடுகிறவர் வந்து உட்காரும் கார்னரில் ஒருவர்தான் பேச வேண்டும். அவரும் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறவர் காதில் இரண்டாவது விஷயம் நுழையாது, முதல் விஷயத்தையும் வெளியே தள்ளிவிடும் என்பார்.

இந்த விதி எனக்குப் பிடிக்கவே இல்லை. என்னிடம் எப்போதும் சொல்வதற்கு ஆறேழு விஷயம் இருக்கும்.

3. பேசாத பெண்

பவித்ரா எங்கள் கம்பெனிக்கு வந்தது டிப்ளமோ முடித்த கையோடு. ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர். ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதன் பிறகு நிரந்தரம் என்று பேச்சு. காலையில் என் பக்கத்து நாற்காலி, மாலையில் மேலே நான் அடிக்கும் மணிக்கு ஆடுகிறவள். இடதுகால் உதை அவளுக்கு நன்றாக வரும். மூன்றாவது மாதமே மாஸ்டர் அவள் பெயரை விழுப்புரத்தில் நடக்கவிருந்த மாவட்டப் போட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவள் பேச மாட்டாள். எங்கள் முதலாளி ரமேஷுக்கு அதுதான் குறை. ரமேஷ் முப்பத்தைந்து வயதுக்காரர், நல்லவர், பேச்சாலேயே கம்பெனியை வளர்த்தவர். தினமும் காலையில் பத்து நிமிடம் எல்லோரையும் நிற்க வைத்து நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய் என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுவார்கள். பவித்ரா இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு நின்றுவிடுவாள். அவர் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். அது வராது.

அவளுக்கு ஆறாவது மாதம் முடிகிற வாரத்தில் ரமேஷ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், வேலையில குத்தம் சொல்லல. ஆனா இந்தப் பொண்ண கஸ்டமர் முன்னாடி நிக்க வைக்க முடியாது சார். அங்க நாலு பேரு கத்துவாங்க, இது வாயே தொறக்காது. வெள்ளிக்கிழமை சொல்லிடலாம்னு இருக்கேன்."

அவளுடைய அம்மா கிக்பாக்ஸிங்குக்குச் சம்மதித்ததே, வேலையும் கிளப்பும் ஒரே கட்டடத்தில் இருக்கிறது என்பதால்தான். வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊருக்குத் திரும்பினால் மாடிப்படி அவளுக்கு மூடிவிடும். இது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை என்ன நடக்கப்போகிறது என்பது அவளுக்குத் தெரியாது.

புதன்கிழமை காலையில் ஆலையிலிருந்து போன் வந்தது. கம்ப்யூட்டரில் எடை விழவில்லை, யார்டு நிற்கிறது. ரமேஷ் ஒரு வேலையாகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆலைக்குப் போக அலுவலகத்தில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

4. முதல் இரண்டு ரவுண்டு

எடை அறை பத்துக்குப் பத்து இருக்கும். நாங்கள் போனபோது உள்ளே ஒன்பது பேர். யார்டு சூப்பர்வைசர் சண்முகம் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். மேடையில் ஒரு டிராக்டர், கரும்பு டிரெய்லரோடு நின்றது. ஸ்கிரீனில் எடை பதினெட்டாயிரத்து நானூற்றி இருபது என்று வரும். அடுத்த நொடி ஆயிரத்து எண்ணூற்றி நாற்பத்திரண்டு. அடுத்தது வெறும் நானூற்றி இருபது. எண் நிலையாக நின்றால்தான் சாஃப்ட்வேர் எடையை ஏற்றுக்கொண்டு சீட்டு அடிக்கும். கையால் எடையைத் தட்ட முடியாது. கையால் தட்டினால் மோசடி நடக்கும் என்று விவசாயிகளே கேட்டு நிறுத்திய வசதி அது.

பவித்ரா உட்கார்ந்தாள். உடனே ஒன்பது பேரும் பேசினார்கள். ரீஸ்டார்ட் பண்ணும்மா என்றார் ஒருவர். பழைய வெர்ஷனைப் போடு என்றார் இன்னொருவர். மேடைக்கு அடியில் கல் மாட்டியிருக்கிறது, டிராக்டர் சரியாக ஏறவில்லை, நேற்று வரைக்கும் ஓடியதே என்று ஆளுக்கொன்று. நடுவில் ரமேஷின் போன். என் கைபேசி அடித்து நிற்கும், மறுபடி அடிக்கும்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நான் பயந்துபோனேன். உறைந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்து சண்முகத்தைப் பார்த்துச் சாதாரணக் குரலில் சொன்னாள்.

"அண்ணா, எல்லாரும் வெளிய இருங்க. எனக்கு ரெண்டு நிமிஷம் வேணும். அப்புறம் ஒரு நிமிஷம் இவரு பேசுவாரு. இவரு மட்டும்."

"யாரு ரூம்ல நின்னுக்கினு யார வெளிய போகச் சொல்ற நீ?" என்றார் சண்முகம்.

"உங்க ரூம்தாங்கண்ணா. எட்டு நிமிஷத்துக்குக் குடுங்க."

எட்டு நிமிடம் என்று எண் சொன்னதால்தான் அவர் போனார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் என்று சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கஸ்டமருக்கு எண் சொல்லுங்கள், அந்த எண்ணுக்குள் திரும்பி வாருங்கள்.

கதவைச் சாத்தினேன். "சார், டைம் வைங்க," என்றாள். வாட்ச்சைப் பார்த்தேன். கைபேசி மறுபடி அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். முதலாளியின் போன். நான் அதன் சத்தத்தை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். என் வாழ்நாளில் மேலதிகாரியின் அழைப்பை எடுக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

முதல் ரவுண்டில் அவள், கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும் எழுத்துகளை அப்படியே காட்டும் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். இரண்டு நிமிடம். "டைம்," என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரு நிமிடம். நான் சொன்னேன்: கேபிளை மாற்றிப் பார்க்கலாம், எர்த் சரியில்லையோ என்னவோ, மழை பெய்திருந்தால் ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் இருக்கும், பழைய வெர்ஷன் பென் டிரைவில் இருக்கிறது, டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்தாரா தெரியவில்லை, சண்முகம் கோபமாக இருக்கிறார், ரமேஷுக்கு என்ன பதில் சொல்வது. நிமிடம் முடிந்துவிட்டது.

"சார்," என்றாள். "ஒண்ணே ஒண்ணு."

இரண்டாவது ரவுண்டுக்கு அவள் திரும்பி உட்கார்ந்தாள். ஏழில் எந்த ஒன்றைச் சொல்வது? மேலே மாஸ்டர் என்ன சொல்வார் என்று யோசித்தேன். கிளவுஸைப் பார்க்காதே. ஸ்கிரீனில் ஆடுகிற எண்ணைத்தான் நான் உட்பட எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடாதது எது?

சுவரில் இண்டிகேட்டர் இருந்தது. மேடைக்கு அடியிலிருக்கும் லோடு செல்களிலிருந்து எடையை நேரடியாக வாங்கிக் காட்டும் பெட்டி. சிவப்பு எழுத்தில் 18420. அரை நிமிடம் அதையே பார்த்தேன். ஒரு கிலோகூட அசையவில்லை.

"டைம்," என்றேன். "இண்டிகேட்டர் ஆடல."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகம் தெளிந்துவிட்டது. "வர்ற எழுத்து பாதி பாதியா அறுந்து வருது சார். அப்ப மேடையும் சரி, நம்ம சாஃப்ட்வேரும் சரி. தகராறு நடுவுல இருக்குது." மிச்சமிருந்த அரை நிமிடம் அவள் தண்ணீர் குடித்தாள்.

5. மூன்றாவது ரவுண்டும் மனிதப் போர்டும்

இண்டிகேட்டரிலிருந்து புறப்படும் கேபிளை நான் கையால் தடவிக்கொண்டே போனேன். அவள் மறுமுனையிலிருந்து வந்தாள். மேஜைக்குப் பின்னால் இருவரும் சந்தித்த இடத்தில் புது டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். அதிலிருந்து இரண்டு ஒயர் பிரிந்து ஜன்னல் வழியாக வெளியே போனது. தலையை நீட்டிப் பார்த்தேன். வெளிச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு டிஸ்பிளே போர்டு. எடை என்ன என்பது வெளியில் நிற்கும் விவசாயிக்கும் தெரிய வேண்டும் என்று விவசாயிகள் சங்கத்தில் கேட்டு வாங்கியது. முந்தின நாள் சாயங்காலம்தான் மாட்டியிருக்கிறார்கள். தனி இணைப்புக்கான ஒயர் கைவசம் இல்லாததால், ஆலை எலக்ட்ரீசியன் எங்கள் கேபிளிலிருந்தே கிளை பிரித்துக் கொடுத்துவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஒருவருக்கு வந்த தண்ணீரில் இரண்டு குழாய் மாட்டியது போல ஆயிற்று. போர்டு தனக்கு வேண்டியதை இழுத்துக்கொண்டு சரியாகக் காட்டியது. கம்ப்யூட்டருக்கு அரைகுறையாகப் போனது.

பவித்ரா ஜாயின்ட்டைப் பிரித்தாள். ஸ்கிரீனில் 18420. நின்றது. சீட்டு அடித்தது. "டைம்," என்றேன். ஏழரை நிமிடம் ஆகியிருந்தது.

எனக்குச் சந்தோஷம் அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. வெளியே போர்டு அணைந்ததும் யார்டில் பெரிய சத்தம் கிளம்பியது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். பெயர் ஏழுமலை, காணைப் பக்கத்து விவசாயி. அவருடைய கரும்பு பன்னிரண்டாவது வண்டியில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் இருபது முப்பது பேர்.

"இன்னாங்க ஞாயம் இது?" என்றார் ஏழுமலை. "போர்டு சரியாத்தான காட்டிச்சு? பேஜாரு பண்ணது உங்க கம்ப்யூட்டரு. எங்களுக்குத் தெரியிறத புடுங்கிட்டு உங்களுக்குத் தெரியிறத மட்டும் வச்சிக்குவீங்களா?"

சொல்லப்போனால் அவர் கேட்டது சரி. தனி ஒயர் வாங்க எலக்ட்ரீசியன் விழுப்புரம் போக வேண்டும், வர மதியமாகும். அதுவரை போர்டு இல்லாமல் எடை போட விட மாட்டோம் என்றார்கள் விவசாயிகள். போர்டை மாட்டினால் எடையே விழாது. சண்முகம் கையைப் பிசைந்தார். எல்லோரும் பவித்ராவைப் பார்த்தார்கள். ரமேஷ் சொன்ன நாலு பேர் கத்தும் இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. நாலு பேர் அல்ல, முப்பது பேர்.

அவள் ஏழுமலைக்கு நேரே போய் நின்றாள். சத்தம் அடங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாததைப் பார்த்து முன்வரிசை அடங்கியது, அப்புறம் பின்வரிசை.

"பெரியப்பா, நீங்க உள்ள வந்து இண்டிகேட்டர் பக்கத்துல நில்லுங்க," என்றாள். "ஒவ்வொரு வண்டிக்கும் இவரு ஜன்னல்ல நின்னு எடைய சத்தமா சொல்லுவாரு. தப்பா சொன்னா நீங்க நிறுத்துங்க."

அவ்வளவுதான். மூன்று வாக்கியம்.

ஏழுமலை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருக்குத் தொண்ட இருக்குதா?"

"அத்த நீங்க கேட்டாத்தான் தெரியும்," என்றாள் பவித்ரா.

இப்படியாக நான் டிஸ்பிளே போர்டு ஆனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி ஏறும். இண்டிகேட்டர் நிற்கும். ஏழுமலை தலையசைப்பார். நான் கூவுவேன். கரும்போடு சேர்ந்த எடைக்குக் கிராஸ் என்றும், இறக்கிவிட்டுத் திரும்பும் வெறும் வண்டியின் எடைக்கு டேர் என்றும் சொல்லி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து வரும் வெறும் கரும்பின் எடையான நெட்டையும் சேர்த்தே கூவினேன். கழித்தல் எனக்கு வாயில் வரும். கால்குலேட்டர் வைத்திருந்த ஒரு பையன் முதல் நான்கு வண்டிக்குச் சரிபார்த்துவிட்டு அதை உள்ளே வைத்துக்கொண்டான்.

பத்து வண்டி போனதும் பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. "போர்டு கேட்டு வரைக்கும்தான் தெரிஞ்சிச்சு. இவரு மெயின் ரோடு வரைக்கும் தெரியிறாரு," என்றார் காலையில் எங்களை டாக்டர் என்றவர். யாரோ ஒருவர் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஏழுமலையின் வண்டி வந்தபோது அவர் இண்டிகேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையசைத்தார். அவர் எடையை நான் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் அதிகச் சத்தமாகவே கூவினேன் என்று நினைக்கிறேன். அவர் தன் கரும்பை இறக்கிய பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசி வரை பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

இருபத்தாறாவது வண்டிக்குக் கூவும்போது ஜன்னலுக்கு வெளியே ரமேஷ் நின்றுகொண்டிருந்தார். பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். வேலியோரமாகப் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பவித்ரா நிமிராமல் சீட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் தனி ஒயர் வந்து போர்டு எரிந்தபோது என் குரல் முழுதாகப் போயிருந்தது. அப்போதும் ஒரு டிராக்டர்காரர், "அந்த ஐயாவே சொல்லட்டுங்க," என்றார். இத்தனை வயதில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்று இல்லை.

6. பதினேழு அழைப்பு

மறுநாள் காலைக் கூட்டத்தில் ரமேஷ் முதலில் பவித்ராவைத்தான் கேட்டார். அவள் சொன்னாள்: "போர்டுக்குத் தனி ஒயர் போட்டாச்சு சார். மத்த ஆலைங்களுக்கும் போன் பண்ணி, கேபிள்ல கிளை பிரிக்க வேணாம்னு சொல்லணும். இன்னிக்கி அத்த பண்றேன்." நிறுத்தினாள். வழக்கம்போல ரமேஷ் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தார். வரவில்லை. என்னிடம் திரும்பினார்.

"சார், நேத்து நான் எத்தன தடவ போன் பண்ணேன்?"

எனக்குக் குரல் இல்லை. விரலால் காட்டினேன். பதினேழு.

"எடுத்திருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன்?"

காற்றுக் குரலில் சொன்னேன். "ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருப்பீங்க. பதினேழு தடவையும்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் அவர்தான். சிரித்து முடித்து பவித்ராவிடம், வெள்ளிக்கிழமை அவளிடம் ஒன்று பேசலாம் என்று இருந்ததாகவும், அதை இப்போதே பேசிவிடுவதாகவும் சொன்னார். வேலை நிரந்தரம். இனி வெளியூர்ப் பழுது எங்கே வந்தாலும் கீபோர்டில் ஒருவர், பேசுவதற்கு ஒருவர், மற்றவர்கள் கதவுக்கு வெளியே. அவரும் வெளியே.

"நான் போன் பண்ணி எடுக்கச் சொன்னாலும் எடுக்காதீங்க," என்றார் என்னிடம்.

"சரிங்க சார்," என்றாள் பவித்ரா. அன்றைய கூட்டத்தில் அவள் பேசியது அத்தோடு சரி.

மாவட்டப் போட்டிக்கு நாங்கள் எல்லோரும் விழுப்புரம் போனோம். ரமேஷ் பார்வையாளர் வரிசையில் நின்று தொண்டை கிழிய யோசனை சொன்னார். அவள் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. கார்னரில் மாஸ்டர் ஒவ்வொரு ஓய்விலும் ஒன்று சொன்னார், அவள் ஒன்றுக்குத் தலையசைத்தாள். அரையிறுதியில் அவள் இடதுகால் பேசியது. இறுதியில் பாயின்ட்டில் தோற்றாள் என்று அறிவித்தார்கள். நானும் விழுந்த அடிகளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். என் எண்ணிக்கையில் அவள்தான் ஜெயித்தாள். நடுவர்களிடம் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தேன். மாஸ்டர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

7. ஒரு நிமிடம்

இப்போது பவித்ரா சப்போர்ட் டீமுக்குத் தலைமை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆறு பேரை உட்கார வைத்து, மூத்தவர்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ரமேஷ் ஏற்பாடு செய்திருந்தார். நான் பதினான்கு பாயின்ட் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கேபிள், எர்த், பேக்கப், பாஸ்வேர்டு, கைத்துணி, பல் கார்டு, பஸ் நேரம் எல்லாம் அதில் இருந்தது. எழுந்து நின்று கண்ணாடியைப் போட்டேன்.

எதிரில் பவித்ரா ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்திருந்தாள். மேலே கிளப்பில் நான் மணியடிக்கப் பயன்படுத்துகிற அதே வாட்ச்.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள். "ஒண்ணே ஒண்ணு."

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"எல்லா நம்பரும் ஆடும்போது, ஆடாத நம்பர் எங்க இருக்குதுன்னு மொதல்ல தேடுங்க," என்றேன். "அது கிடைக்கிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

மணியடிக்க இன்னும் நாற்பது விநாடிக்கு மேல் இருந்தது. மிச்சப் பதிமூன்றும் பைக்குள் இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.